அருட்பணியாளர்களின் பெயரை எழுதுவதும் அவர்களை அழைப்பதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

திருமண அழைப்பிதழோ விண்ணப்பக் கடிதமோ எழுதும்போது, கிறிஸ்தவ அருட்பணியாளரின் பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்ற இடத்தில் பலரும் தயங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையில் சென்றால் தயக்கம் தீரும்.

படி 1: திருச்சபையைக் கேட்டறியுங்கள்.
பதவியை விசாரிப்பதற்கு முன், அவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் ஒரே பட்டம் இரு சபைகளில் இருவேறு நிலைகளைச் சுட்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் மறைமாவட்டத்தின் (பல பங்குகள் அடங்கிய திருச்சபை நிர்வாகப் பகுதி) தலைவர் ‘ஆயர்’, உயர்மறைமாவட்டத்தின் தலைவர் ‘பேராயர்’. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ (சி.எஸ்.ஐ.) மறைமாவட்டத்துக்கு இணையான திருமண்டலத்தின் தலைவரே ‘பேராயர்’; அனைத்துத் திருமண்டலங்களுக்கும் தலைமை வகிப்பவர் ‘பிரதமப் பேராயர்’; ‘ஆயர்’ என்பது பல ஊர்களில் ஒரு சபையை நடத்தும் போதகரையே குறிக்கும். திருநெல்வேலிப் பக்கம் அவரையே ‘சேகர குருவானவர்’ என்று எழுதி, பேச்சில் ‘ஐயர்’ என்பார்கள். அழைப்பிதழ்களில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் கணிப்பு.

படி 2: அடைமொழியைத் தேர்ந்தெடுங்கள்.
கத்தோலிக்கக் குருவுக்கு ‘அருட்தந்தை’ அல்லது ‘அருட்பணி’, குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டருக்கு (டீக்கன்) ‘திருத்தொண்டர்’, துறவியருக்கு ‘அருட்சகோதரி’, ‘அருட்சகோதரர்’, ஆயருக்கும் பேராயருக்கும் ‘மேதகு’. போப்பாண்டவரைத் ‘திருத்தந்தை’ என எழுதுவதே இன்றைய வழக்கு. ‘அருட்திரு’ கத்தோலிக்கக் குருவுக்கும் சீர்திருத்தச் சபைப் போதகருக்கும் பொருந்துவதால், ஐயம் இருந்தால் அதையே போடலாம். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்கும் குருத்துவ அருட்பொழிவு அளித்து வருகிறது, அவர்களுக்கும் ‘அருட்திரு’தான். பெண் என்பதற்காக ‘அருட்சகோதரி’ என்று எழுதினால், குருவானவரைக் கன்னியராக்கிவிடுவோம்.

படி 3: வரிசைப்படுத்துங்கள்.
முதலில் அடைமொழி, பிறகு கல்விப் பட்டம், பெயர், துறவற சபையின் சுருக்கம், கடைசியில் ‘அவர்கள்’. எனவே இயேசு சபைக் குரு ஒருவருக்கு ‘அருட்தந்தை முனைவர்’ என்று தொடங்கி, பெயரை எழுதி, ‘சே.ச. அவர்கள்’ (சே.ச. என்பது சேசு சபை, அதாவது இயேசு சபை) என்று முடிக்க வேண்டும். ஆயராக இருந்தால் ‘மேதகு ஆயர்’ என்று தொடங்கி, பெயருக்குப் பின் ‘ஆண்டகை அவர்கள்’ என்று சேர்க்கலாம். ‘திரு. அருட்தந்தை’ என்று இரட்டிப்பது மரியாதையைக் கூட்டாது. பார்ப்பதற்கும் அழகாக இராது.

படி 4: நேரில் அழைப்பது.
இங்கே எழுத்து வழக்கைத் தேட வேண்டியதில்லை. கத்தோலிக்கக் குருவை ‘ஃபாதர்’ என்றோ ‘சாமி’ என்றோ அழைக்கலாம். ஆயரிடம் ‘ஆண்டகை’ என்பது பொருந்தும். போதகரை ‘ஐயா’ என்றும், பெந்தெகொஸ்தே சபைகளில் ‘பாஸ்டர்’ என்றும் அழைப்பார்கள். சகோதர சபையார் (பிரதரன் சபையினர்) மட்டும், பூமியில் ஒருவரையும் பிதா என்று அழைக்க வேண்டாம் என்னும் மத்தேயு 23:9-ஐ முன்னிட்டு, பட்டங்களையே தவிர்த்துச் ‘சகோதரர்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களிடம் ‘ஃபாதர்’ என்பது உபசாரமாகாது.

படி 5: அச்சுக்கு முன் சரிபாருங்கள்.
குருக்களுக்குப் பணியிட மாற்றம் வருவது இயல்பு என்பதால், ‘பங்குத்தந்தை’, ‘சேகர குருவானவர்’ போன்ற பொறுப்புப் பெயர்களை மட்டும் பங்கு அல்லது சபை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.