நீர் இறங்கும் பங்குனியில் வீராணம் ஏரியில் தூண்டில் போடும் முறை

மார்கழியிலும் தையிலும் வீராணம் ஏரியின் கரையோரப் புல்லில் தூண்டில் போட்டுக் கூடை நிறைய ஜிலேபி மீன் எடுத்தவர்கள், பங்குனி பிறந்த பிறகும் அதே இடத்தில் அதே இரையோடு அரைநாள் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஏரியில் மீன் இல்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியன்று. நீர்மட்டம் இறங்கும்போது மீன் இடத்தை மாற்றிக்கொள்கிறது, இரை எடுக்கும் நேரத்தையும் மாற்றிக்கொள்கிறது. தூண்டில்காரர் அதோடு சேர்ந்து மாறாததுதான் குறை.

கொள்ளிடத்தின் கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியாக வீராணத்துக்கு வருகிறது. பாசனத்துக்காகத் திறந்த மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடப்படுவதால், அதன் பிறகு வரத்து மெலிந்துவிடுகிறது. ஒருபுறம் சென்னைக் குடிநீருக்கான எடுப்பும் மறுபுறம் வெயிலில் ஆவியாவதும் தொடர்வதால், 47.50 அடி முழு மட்டம் கொண்ட இந்த ஏரி நாளுக்கு நாள் இறங்குகிறது. ஏரியின் அடித்தளம் தட்டையாகவும் வண்டல் படிந்தும் இருப்பதால், ஓரடி இறங்கினாலே கரையோரத்தில் வெகுதூரம் சேறாகிவிடும். ஆகவே கரைக்குப் போனதும் தூண்டிலைப் பிரிக்காமல், கரையின் கற்பதிப்பில் நீர் விட்டுச் சென்ற ஈரத்தடத்தை முதலில் பாருங்கள். தடம் அகலமாகவும் இன்னும் ஈரமாகவும் இருந்தால் நீர் வேகமாக இறங்குகிறது என்று பொருள்; அத்தகைய நாளில் மீன் ஆழம் குறைந்த ஓரத்தை நம்பி நிற்பதில்லை.

அப்படி ஓரத்தை விட்டகன்ற மீன் எங்கே போகும் என்பதுதான் முன்கோடையின் முக்கியமான கேள்வி. கரையை உயர்த்த மண் எடுத்த பழைய பள்ளங்களும், வாய்க்கால் ஏரிக்குள் நுழையுமிடத்தில் நீர் அறுத்த தாழ்வும், கற்பதிப்பின் அடிக்கல் முடிந்து சேறு தொடங்கும் கோடும் அதன் புகலிடங்கள். நீர் குறைவாக இருக்கும் ஓர் ஆண்டில் கோடை முற்றியதும் ஒரு முறை கரை நெடுக நடந்து, வெளியே தெரியும் பள்ளங்களைக் கரையிலுள்ள மரத்தையோ கல்லையோ அடையாளமாக வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறு ஆண்டு பங்குனியில் அந்தக் குறிப்புக்கு நிகரான இரை எதுவும் கிடையாது. மதகின் வாய்க்கு நேர் முன்னால் மட்டும் நிற்க வேண்டாம். திறந்த மதகின் இழுப்பு மேலே தெரியாது, அங்குள்ள கற்களும் பாசி பிடித்து வழுக்கும்.

நேரத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. விடியலுக்கு முன்னால் போனால்தான் மீன் கிடைக்கும் என்பது குளிர்காலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். பச்சை ஏறிய கோடை நீருக்குப் பொருந்தாது. 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நீர், 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமை மட்டுமே தாங்கும். அதிலும் பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் ஆக்சிஜனை வெளியிட்டு, இரவெல்லாம் அதையே உள்ளிழுப்பதால், பொழுது விடியும் நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்த வேளையில் கட்லாவும் ரோகுவும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, இரை தேடுகின்றன என்று எண்ணிவிடக் கூடாது. அவை மூச்சுக்குத் தவிக்கின்றன, இரையைத் தொடாது. வெயில் ஏறி ஒரு மணி நேரமான பிறகு, ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை கெண்டை வகைகள் நன்றாக எடுக்கும். மாலையில் நாலரைக்கு மேல் இருட்டும் வரை இன்னொரு நல்ல வேளை. விடியற்காலையை விராலுக்கும் குறவைக்கும் ஒதுக்குங்கள். அவை வெளிக்காற்றையும் சுவாசிக்கக்கூடியவை என்பதால் நீரின் குறை அவற்றை அவ்வளவாக வருத்துவதில்லை.

காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கும் தென்கிழக்குமாக உள்ளே வந்து, மேல்நீரையும் அதில் மிதக்கும் பூச்சி, பாசித் துகள்களையும் மேற்குக் கரைப் பக்கம் தள்ளுகிறது. அலை மோதி நீர் சற்றே கலங்கும் அந்த ஓரத்துக்கு மாலையில் மீன் வந்து சேரும். முகத்தில் காற்று அடிக்கத் தூண்டில் வீசுவது சிரமந்தான் என்றாலும், காற்றுக்கு முதுகு காட்டி வசதியாக உட்கார்ந்தவரைவிட அந்தச் சிரமத்தை ஏற்றவருக்கே அதிகம் கிடைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கழி எதுவாக இருந்தாலும், இந்தப் பருவத்தில் ஆழம் பார்க்காமல் தூண்டில் போடுவது வீண். தூண்டில் முள்ளில், தக்கையை (மிதவையை) அமிழ்த்தக்கூடிய ஓர் ஈயக்குண்டைக் கோத்து, நினைத்த இடத்தில் மெல்ல இறக்குங்கள். தக்கை முழுவதும் நீருக்குள் போய்விட்டால் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள நரம்பின் (தூண்டில் இழையின்) அளவு போதவில்லை என்று தெரிந்து, தக்கையை ஒரு சாண் மேலே தள்ளுங்கள். தக்கை படுத்துவிட்டால் அளவு மிகுதி என்று கீழே இறக்குங்கள். தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அளவே அந்த இடத்தின் ஆழம். இரண்டடி தள்ளி மறுபடியும் பாருங்கள். திடீரென்று ஒரு முழம் கூடினால் பள்ளத்தின் விளிம்பு அதுதான். ஒரு பங்குனிக் காலையில் இரண்டு மணி நேரம் தக்கை அசையாமல் இருந்து, இப்படி அளந்து பார்த்து நான்கடி வலப்புறம் தள்ளிப் போட்டதும் அடுத்தடுத்து மூன்று ரோகு ஏறின. இடம் அவ்வளவு நுணுக்கமானது.

ரோகுவுக்கும் மிர்காலுக்கும் 0.28 மில்லிமீட்டர் நரம்பும் 6 அல்லது 8ஆம் எண் முள்ளும் போதும். தெளிந்த நீரில் தடித்த நரம்பைக் கண்டு மீன் விலகும். இரைக்குக் கடலைப் புண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் கோதுமை மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். கையில் ஒட்டாமல், காது மடலின் மென்மையோடு உருண்டு வர வேண்டும். வெயிலில் காயாதிருக்க ஈரத்துணியால் மூடிவையுங்கள். தவிடும் புண்ணாக்கும் கலந்த எலுமிச்சை அளவு உருண்டைகள் மூன்று நான்கை அந்தப் பள்ளத்தில் போட்டு அரைமணி காத்திருங்கள். வெதுவெதுப்பான நீரில் கொட்டிய தீனி விரைவில் புளித்து மீனை விரட்டும் என்பதால் அதற்கு மேல் போட வேண்டாம். வாய் மேல்நோக்கிய கட்லாவுக்கு இரை நடுநீரிலும் அதற்கு மேலும் தொங்க வேண்டும்; மிர்காலுக்குத் தரையில் கிடக்க வேண்டும்; ரோகுவுக்குத் தரைக்குச் சற்று மேலே இருக்கலாம். தரையில் கிடக்கும் இரையை மீன் தூக்கும்போது தக்கை மூழ்காமல் மேலெழுந்து சாய்வதுண்டு. அதுவும் கடிதான், கழியை உடனே உயர்த்துங்கள். ஜிலேபி மண்புழுவைக் கொத்திக் கொத்தித் தக்கையை நடுங்க வைக்கும்; கெளுத்தி ஒரே சீராக இழுத்துக்கொண்டு போகும்.

விராலை ஆகாயத்தாமரைத் திட்டுகளின் ஓரத்திலும் காட்டாமணக்குப் புதரடியிலும் தேட வேண்டும். 0.40 மில்லிமீட்டருக்குக் குறையாத நரம்பும் பெரிய முள்ளும் கட்டி, உயிருள்ள சிறு மீனையோ ரப்பர் தவளையையோ புதர் விளிம்பை ஒட்டி இழுங்கள். விழுங்கியதும் வெட்டி இழுக்காமல் இரண்டு மூச்சு பொறுத்து இழுப்பதே முறை. ஆனால் நீரின் மேல் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கொத்தாகக் கொப்பளிப்பதைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அடியில் தாய் தந்தை மீன்கள் காவல் நிற்கின்றன. அவற்றைப் பிடித்தால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும் ஏரி என்றால், குத்தகைதாரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கடலூர்ச் சந்தையில் ஏரி மீனுக்குத் தேவை கூடும். அதற்காக ஏரியில் வலை இறங்கும் நாளில் தூண்டிலுக்கு வேலை இல்லை. புதுச்சேரி நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலோடு போக வேண்டாம். வீராணத்திலும் நீர்ப்பறவைகள் மிகுதி. அறுந்த நரம்பைக் கரையில் விட்டால் அது கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால், ஒரு சாண் துண்டானாலும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தேளி மீனை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அதன் முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் குத்திய இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். சித்திரையில் மேற்கே கருத்து இடி கேட்டால், கார்பன் கழியை உடனே கீழே வைத்துவிட்டு, திறந்த கரையை விட்டிறங்கி, மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். பிடித்த மீனை வாளித் தண்ணீரில் விட்டு வைப்பது இந்த வெயிலில் ஆகாது, ஒரு மணி நேரத்தில் சதை தளர்ந்துவிடும். பிடித்தவுடன் கொன்று, செவுளையும் குடலையும் நீக்கி, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வையுங்கள். பனிக்கட்டி கிடைக்காவிட்டால் நனைத்த கோணியில் சுற்றி நிழலில் வைத்து, பத்து மணிக்குள் வீடு சேர்த்துவிடுங்கள்.