சீடை ஏன் வெடிக்கிறது?

கிருஷ்ண ஜெயந்தியன்று மதியம் மாடி வீட்டுப் பெண் வந்து நின்றாள். கையெல்லாம் எண்ணெய் தெறித்த சிவப்பு. "அக்கா, சீடை வெடிச்சிருச்சு." கல்யாணமான வருஷம் நானும் இப்படித்தான் மாமியார் முன்னால் நின்றேன். உப்புக் குறைவதும் கருகுவதும் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். கீழே சொல்லும் தவறுகள் அப்படியல்ல.

வழவழவென்று உருட்டுவது

கோலிக்குண்டு மாதிரி அழகாக, அழுத்தி உருட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எண்ணெயில் விழுந்ததும் உருண்டையின் மேல்பக்கம் இறுகி ஓடாகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும். வெளியே வர விரிசல் இல்லையென்றால் ஓட்டை உடைத்துக்கொண்டுதான் வரும். என் முதல் சீடை கூரைவரை போனது. மாமியார் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அரைக் கிலோ மாவும் வீண். அன்று ராத்திரி கண்ணனுக்கு அவலும் வெல்லமும்தான். குசேலன் கொடுத்ததைத் தின்றவன்தானே என்று மாமனார் சமாதானம் சொன்னார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

உள்ளங்கையில் லேசாக உருட்டி விட்டுவிடுங்கள். மேலே கீறல் விழுந்தால் நல்லது. வெள்ளைத் துணியில் கால் மணி நேரம் உலரவிட்டு, முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முகத்தை வாணலிக்கு மேலே நீட்ட வேண்டாம்.

அப்புறம் மாவு. ஊறவைத்து, நிழலில் உலர்த்தி அரைத்த பச்சரிசி மாவைக் கோலம் இழுக்க வரும்வரை வறுக்க வேண்டும். உளுந்தையும் சிவக்க வறுத்துத்தான் அரைக்க வேண்டும். இரண்டையும் இரண்டு முறை சலியுங்கள். ஒரு குருணை, கரையாத ஒரு உப்புக்கல் போதும், வெடிப்பதற்கு.

வெண்ணெயை அள்ளிப் போடுவது

கிருஷ்ணனுக்குப் பிடிக்குமே என்று தாராளம் காட்டினால் சீடை எண்ணெயிலேயே உதிர்ந்துவிடும். ஒரு கப் அரிசி மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி உளுந்து மாவு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். மிச்ச வெண்ணெயைக் கிண்ணத்தில் வைத்துப் படையுங்கள்.

வெல்லச் சீடைக்குப் பெருந்தீ

மேலே கறுக்கும், உள்ளே பச்சை மாவு. சிறுதீதான்.

ருசி பார்ப்பது

நைவேத்தியம் முடியும்வரை கூடாது. எங்கள் வீட்டில் இந்த விதி எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது; சாயங்காலத்துக்குள் டப்பா எப்படியோ அரை விரற்கடை இறங்கியிருக்கும்.