மழைக்குப் பிறகு கப்சாய் கிளம்பவில்லையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட் சாலைகளில், சாயங்கால மழையில் நனைந்த கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) மக்கர் பண்ணும். சும்மா உதைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பெட்ரோல் நிரம்பி ஸ்பார்க் பிளக் இன்னும் நனையும்.

முதலில் பிளக் மூடியைப் பிடுங்கி உள்ளே துடையுங்கள். பல நேரம் கோளாறு அவ்வளவுதான். இல்லையென்றால் 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, கரியைத் தேய்த்தெடுங்கள். கார்புரேட்டர் உள்ள ஹோண்டா இஎக்ஸ்5 வண்டிக்கு பிளக் முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பிளக்கை மூடியில் மாட்டி, மரையை இன்ஜின் உலோகத்தில் ஒட்டவைத்து உதையுங்கள். பிளக் துளைக்கு அருகில் மட்டும் வேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலப்பொறி வந்தால் சரி. மஞ்சளாக மினுக்கினால் புது பிளக் போடுங்கள்.

பொறி இருந்தும் கிளம்பாவிட்டால் பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். இன்ஜின் ஆறியதும் கார்புரேட்டர் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் முத்துமுத்தாக உருளும். அது நிற்கும்வரை வடியவிடுங்கள். வாயில் சிகரெட் கூடாது.