தசைப் பதிவில் பொற்றாசியப் பரவல்: உள்ளே 91 செக்கன், வெளியே 164

ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தவளைத் தசைப்பட்டி, இரு பக்கமும் கரைசலுக்குத் திறந்திருக்கிறது. நடு ஆழத்தில் ஒரு தசைநாருக்குள் நுண்மின்வாய். கரைசலின் பொற்றாசியத்தை 2.5இலிருந்து 10 மில்லிமோலருக்கு உயர்த்தினால், மென்சவ்வு மின்னழுத்தம் பாதித் தூரம் எழ ஏறத்தாழ 91 செக்கன் ஆகும். பழைய கரைசலை ஓடவிட்டால் பாதித் தூரம் இறங்க 164 செக்கன். இதைப் பார்த்துவிட்டு "உள்ளே போகும்போது ஒரு பரவல் குணகம், வெளியேறும்போது இன்னொன்று" என்று எழுதிவிடுவது மிக எளிது. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே குணகத்தை வைத்துக் கணக்கிட்டவை. நுண்மின்வாய் செறிவை அளப்பதில்லை, செறிவின் மடக்கையையே அளக்கிறது. வேறுபாடு முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

மின்னழுத்தத்தைச் செறிவாக மாற்றுதல்

தவளைத் தசைக்கு, 25 பாகையில், இந்தச் சமன்பாடு போதும்:

மின்னழுத்தம் = 59.2 × மடக்கை [(வெளிப் பொற்றாசியம் + 1.2) ÷ 140] மில்லிவோல்ற்று

140 என்பது கலத்தினுள் இருக்கும் பொற்றாசியம். 1.2 என்பது சோடியத்தின் பங்கு: 120 மில்லிமோலரில் நூறில் ஒன்று. 2.5க்கு −93.4, 10க்கு −64.9 மில்லிவோல்ற்று வரும். நடுச் செறிவான 6.25க்கு −75.4. அதாவது செறிவு பாதித் தூரம் போகும்போது மின்னழுத்தம் 63 சதவீதத் தூரம் போய்விட்டது. திரும்பும்போது அதே பாதிச் செறிவில் 37 சதவீதமே இறங்கியிருக்கும். ஆகவே பதிவின் ஒவ்வொரு புள்ளியையும் முதலில் செறிவாக மாற்றுங்கள், அல்லது கீழே வரும் கணக்கீட்டு மாதிரி தரும் செறிவை மின்னழுத்தமாக மாற்றி ஒப்பிடுங்கள். மின்னழுத்த வளைகோட்டின் மேல் நேரடியாக ஓர் அடுக்குக்குறிச் சார்பைப் பொருத்த வேண்டாம்.

10க்கு மேல் ஏன் போகவில்லை? 20 மில்லிமோலரில் மின்னழுத்தம் −50ஐத் தாண்டிச் சுருக்கம் தொடங்கும் எல்லைக்கு வந்துவிடும். தசை அசைந்தால் மின்வாய் வெளியே வந்துவிடும்.

மாதிரி: எக்செல் போதும்

நீரில் பொற்றாசிய அயனின் பரவல் குணகம் 25 பாகையில் செக்கனுக்கு 1960 சதுர மைக்ரோமீற்றர். இழையத்தில் அயன் தசைநார்களைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அந்தச் சுற்றுவழிக் காரணியை 1.6 என எடுத்து, அதன் வர்க்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ 770. இது தொடக்க ஊகம் மட்டுமே, பொருத்தும்போது மாறும்.

மேற்பரப்பிலிருந்து நடுவரை 500 மைக்ரோமீற்றர். அதை 20 மைக்ரோமீற்றர் இடைவெளியில் 25 நிரல்களாக்குங்கள், நிரை ஒவ்வொன்றும் 0.2 செக்கன். பெருக்கும் எண் 770 × 0.2 ÷ 400 = 0.385. எக்செலின் ஒவ்வொரு கட்டத்திலும்:

புதியது = பழையது + 0.385 × (இடது + வலது − 2 × பழையது)

முதல் நிரலுக்கு இடதுபக்கம் கரைசலின் செறிவு. கடைசி நிரலில் வலதுபக்கமாகவும் இடதையே எழுதுங்கள், நடுக்கோட்டைக் கடந்து எதுவும் போவதில்லை என்பதற்காக. பெருக்கும் எண் 0.5ஐத் தாண்டினால் எண்கள் பல்லுப்பல்லாகத் துள்ளி வெடிக்கும். அது இயற்பியல் அல்ல, நேரப்படியைக் குறைக்க வேண்டும் என்பதே அர்த்தம். சரிபார்ப்பு எளிது: கடைசி நிரலின் செறிவு 123ஆம் செக்கனில் பாதி மாற்றத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஓர விதிகளில்தான் பிழை.

அதிகம் பேர் தவறுவது இங்கே: பட்டியைச் சிலிக்கோன் தரையில் ஊசி குத்தி இறுக்கிவிட்டு, இருபக்கக் கணக்கைப் போடுகிறார்கள். அடிப்பக்கம் மூடியிருந்தால் பரவல் தூரம் 500 அல்ல, 1000. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. அடியில் நைலோன் வலை வைத்துத் தூக்குங்கள், இல்லாவிட்டால் நிரல்களை 50 ஆக்குங்கள்.

மின்வாய் தசைநாருக்குள் இல்லாமல், சுக்குரோசு இடைவெளி முறையில் (பட்டியின் ஒரு பகுதியைச் சுக்குரோசுக் கரைசலால் மின்முறையில் பிரித்து அளப்பது) பட்டி முழுவதிலிருந்தும் பதிவெடுத்தால், ஒவ்வொரு நிரலின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கணித்த பின் சராசரி எடுங்கள். செறிவின் சராசரிக்கு மடக்கை எடுத்தால் தசை ஏற்றத்தில் உண்மையைவிட வேகமாகவும் இறக்கத்தில் மெதுவாகவும் மாறுவதுபோலத் தோன்றும்.

பதிவில் கெடுபவை

தொட்டியின் கனவளவை ஓட்டத்தால் வகுத்தால் கரைசல் மாறும் நேர மாறிலி கிடைக்கும். 2 மில்லிலீற்றர் தொட்டியும் நிமிடத்துக்கு 4 மில்லிலீற்றர் ஓட்டமும் என்றால் 30 செக்கன். 91 செக்கனை அளக்கும் வேலைக்கு இது அதிகம். 1 மில்லிலீற்றர், 10 மில்லிலீற்றர் என்று மாற்றினால் 6 செக்கன். எப்படியும் அந்த மாற்றத்தைத் தனியே அளந்து, முதல் நிரலின் இடதுபக்க எண்ணாகக் கொடுங்கள்.

குளோரைட்டு மாறாமல் பொற்றாசியத்தை மட்டும் உயர்த்தினால் பொற்றாசியம் குளோரைட்டுடன் சேர்ந்து கலத்துக்குள் நுழையும். பரவும் வழியிலேயே கரையம் உறிஞ்சப்படுகிறது, குணகம் சின்னதாகத் தெரிகிறது. பொற்றாசியம் × குளோரைட்டு பெருக்கத்தை 300இல் வையுங்கள்: பொற்றாசியம் 10 என்றால் குளோரைட்டு 30, மிச்சம் மெதேன்சல்பனேற்று. குளோரைட்டு மாறும்போது உசாத்துணை மின்வாய் நகரும், ஆகவே அதை 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு ஏகார்ப் பாலம் வழியாக இணையுங்கள்.

ஆழத்தையும் குணகத்தையும் ஒரே பதிவிலிருந்து பொருத்த முடியாது, ஒன்றின் பிழையை மற்றது விழுங்கிவிடும். மூன்று ஆழங்களில் பதிவெடுத்து மூன்றுக்கும் ஒரே குணகத்தைப் பொருத்துங்கள். எல்லாத் திருத்தத்துக்குப் பின்னும் இறக்கம் சற்றுப் பிந்தினால் அது குறுக்குநுண்குழாய்களின் (மென்சவ்வு தசைநாருக்குள் மடிந்து செல்லும் குழாய்கள்) வேலையாக இருக்கலாம். உடலியலாளர்கள் ஹொட்ஜ்கினும் ஹொரோவிக்சும் 1960இல் தனித் தசைநாரிலேயே அந்தப் பிந்தலைக் காட்டினார்கள். மாதிரி அதைச் சொல்லவில்லை என்று குணகத்தை இழுத்து வளைக்காதீர்கள்.

கொழும்புக்கென்று இரண்டு தொல்லைகள். ஏசி 24இல் ஓடும் அறைக்கும், மின்வெட்டில் 30ஐத் தொட்ட அறைக்கும் இடையில் குணகம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும், 59.0 என்ற சரிவு 60.2 ஆகும். தொட்டிக்குள் வெப்பமானி வைத்து, பதிவோடு சேர்த்தே குறியுங்கள். மற்றது ஈரம். கறியுப்பு 75 சதவீத ஈரப்பதனிலேயே நீரை இழுத்துக் கசியும், கடலோர ஊரில் அது அன்றாட நிலை. மின்வாய்ப் பிடியில் படிந்த உப்புப் படலம் 10-20 மெகாஓம் மின்வாய்க்குப் பக்கவாட்டுக் கசிவாகிவிடும். ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து உலர்த்துங்கள்.

முதலில் கடற்பாசியில்

விலங்கு ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். (இலங்கைத் தவளைகளில் பெரும்பாலானவை இத்தீவுக்கே உரியவை, வயலில் பிடித்து வரும் எண்ணமே வேண்டாம்.) புறக்கோட்டையில் வாங்கும் சமையல் கடற்பாசி (ஏகார்) 1.5 கிராமை, 2.5 மில்லிமோலர் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் 100 மில்லிலீற்றரில் காய்ச்சி, 4 மில்லிமீற்றர் தடிப்புத் தட்டாக ஊற்றுங்கள். நடுத்தளத்தில், தட்டுக்கு இணையாக, இரு மெல்லிய வெள்ளிக் கம்பிகள். சமையல் கடற்பாசியில் சொந்த உப்பு உண்டு, ஆகவே அதே கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு, கரைசலை இரண்டு முறை மாற்றுங்கள். பிறகு 10 மில்லிமோலர் கரைசலில், இரு பக்கமும் திறந்தபடி தொங்கவிட்டு, ஆடலோட்டத்தில் கடத்துதிறனை அளவுங்கள். இங்கே மடக்கை இல்லை, கடத்துதிறன் செறிவோடு நேராகப் போகும். குணகத்தை 1900 என்று கொடுத்தால் பாதி மாற்றம் 13 நிமிடத்தை ஒட்டி வரவேண்டும். உள்ளே போகும் நேரமும் வெளியே வரும் நேரமும் இதில் ஒத்துப்போகாவிட்டால், தசையைத் தொடுமுன் தொட்டியின் ஓட்டத்தைப் பாருங்கள்.