மலாவி நாட்டுக் கிராமத்தில் கிணற்று நீர்: எங்கே ஆரம்பிப்பது?

துளை போடுவதற்கு முன்னால் பெண்களிடம் பேசுங்கள். குடம் சுமப்பவர்கள் அவர்கள்தான். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி.

இடம் கழிப்பறை, மாட்டுப்பட்டியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, முடிந்தால் மேட்டுப் பக்கமாக இருக்கட்டும். அங்கே மழை நவம்பர் வாக்கில்தான் தொடங்கும், அதனால் செப்டம்பர், அக்டோபரில் தோண்டுங்கள், நீர்மட்டம் அடியில் கிடக்கும் அந்த நேரத்திலும் தண்ணீர் கிடைத்தால்தான் அதை நம்பலாம். மார்ச்சில் தோண்டிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினால், அக்டோபரில் பம்பில் வெறும் காற்று வரலாம்.

குழாய் இறக்கியதும் அடியில் சரளை, மேலே சில மீட்டருக்குக் களிமண் அல்லது சிமெண்ட் அடைப்பு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், மழைக்கால அழுக்கு நேரே உள்ளே இறங்கிவிடும்.

பம்புக்கு என் ஓட்டு அஃப்ரிடெவ் என்ற கைப்பம்புக்கு. சுமார் 45 மீட்டர் ஆழம் வரை இழுக்கும், ஒரே ஸ்பேனரால் கழற்றலாம். பிடியைப் பல தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் எட்டிப் பார்க்கிறதா? பெரும்பாலும் உள்ளே ரப்பர் சீல் தேய்ந்திருக்கும். சின்னச் சாமான்தான், ஊரிலேயே இரண்டு மூன்று வாங்கி வையுங்கள்.

அப்புறம் குளோரின் போட்டுக் கழுவி, ஆய்வுக்கு அனுப்புங்கள். 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ கோலை (மலத்திலிருந்து கலக்கும் பாக்டீரியா) இருக்கவே கூடாது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கொதிக்க வைத்தாலும் அது போகாது.

பராமரிப்புக்கான குவாச்சாவை (அந்த நாட்டுப் பணம்) ஏப்ரல், மே மாதங்களில், மக்காச்சோள அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போதே வசூலித்துவிடுங்கள். ஜனவரியில் கேட்டால் யாரிடமும் இருக்காது.