ஐம்பத்தெட்டில் தூரிகை பிடிப்பவருக்கு

ரங்கூனில் முப்பது வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். 58 வயதில் கடையை மகளிடம் விட்ட பிறகுதான் முதல் படம் போட்டேன். "எனக்கும் ஆசைதான் அக்கா, எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்பவர்களிடம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எடுத்தவுடன் ஷ்வேடகோன் பகோடாவை வரையப் போகாதீர்கள். காளி கோயில் கோபுரமும் இப்போதைக்கு வேண்டாம். அத்தனை பொம்மைகளையும் எண்ணி எண்ணி வரையப்போய் ஒரே மாதத்தில் நோட்டை மூடிவிடுவீர்கள். வாசலில் தினமும் கண்ணில் படுகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது எதிர்வீட்டு ஓரமாக நிற்கும் சைக்கா, அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா. காலையில், உச்சி வெயிலில், மழை விட்ட பிறகு என்று அதையே நாற்பது தடவை வரைந்தேன். முதல் பத்திலும் சக்கரம் கோணலாக வந்தது. வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்ததுதான் காரணம். சாய்வாக நின்று பார்த்தால் சக்கரம் முட்டை வடிவம்தான். கண்ணில் தெரிவதை அப்படியே போட ஆரம்பித்த அன்று வண்டி தரையில் நின்றது.

வாட்டர் கலர் நல்லது. சின்ன வீட்டிலும் இடம் அடைக்காது. லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), கிரிம்சன் (அடர் சிவப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம், இந்த ஐந்தே போதும். காசைக் காகிதத்தில் போடுங்கள். 300 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த காகிதம் தண்ணீரைத் தாங்கும், எளிதில் சுருளாது. ஆற்று நிறத்துக்குத் தனி டியூப் வேண்டாம். பான்சோடான் துறையிலிருந்து அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் போகும் படகில் உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள்: பர்ன்ட் சியன்னாவில் நீலம் துளி கலந்தால் அந்தக் கலங்கல் வந்துவிடும். குளிர்காலத்தில் படகைச் சுற்றும் கடற்பறவைகளுக்கு வெள்ளைப் பெயின்ட் தேடாதீர்கள். காகிதத்தின் வெள்ளையை விட்டுவைத்துச் சுற்றிலும் பூசுங்கள்.

இதே வித்தையைத்தான் தனாக்காவுக்கும், அதாவது பர்மாவில் கன்னத்தில் பூசும் மஞ்சள் நிற மரப்பட்டைச் சாந்துக்கும், கையாள வேண்டும். இதில் நான் நிறையக் காகிதம் கெடுத்திருக்கிறேன். முகத்துக்குப் பழுப்பு பூசிவிட்டு மேலே மஞ்சள் வைத்தால் தெரியவே தெரியாது. வாட்டர் கலரில் அடியில் இருப்பது மேலே காட்டிவிடும். அதனால் தனாக்கா முதலில். யெல்லோ ஓக்கரில் நிறையத் தண்ணீர் விட்டுக் கன்னம் முழுவதும் மெல்லிசாக ஓட்டுங்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் கன்னத்து வட்டத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றித் தோல் நிறம் கொடுங்கள். அம்மா கல்லில் தண்ணீர் தெளித்துத் தனாக்கா இழைத்துப் பூசுவார். மத்தியானத்துக்குள் காய்ந்து ஓரமெல்லாம் பொடிப்பொடியாக வெடித்திருக்கும். அந்த ஓரத்துக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி, ஈரம் குறைத்து, லேசாக இழுத்தால் போதும். அந்த ஓரம் சரியாக வந்த படத்தைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

ஜூனிலிருந்து அக்டோபர் வரை நம் ஊர் மழையில் காகிதம் தானாகவே ஈரம் குடிக்கும். என் முதல் மழைக்காலத்தில் ஒரு கட்டுக் காகிதம் பூஞ்சணம் பிடித்துப்போனது. அதில் வண்ணம் வைத்தால் ஒற்றுத்தாளில் மை இறங்குவதுபோலத் திட்டுத்திட்டாக இறங்கும். மூடி இறுகிய பிஸ்கட் டின்னில், வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டுக் காகிதத்தை வையுங்கள். மழை நாளில் ஒரு பூச்சு காய அரை மணிக்கு மேலும் ஆகும். அவசரப்பட்டு இரண்டாவது பூச்சு வைத்தால் சேறுதான் மிஞ்சும். அந்த நேரத்துக்கு ஒரு டீ சொல்லுங்கள்.

நம் வயதுக்காரர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். கண்புரை வளர்ந்தால் நீலம் மங்கி எல்லாமே மஞ்சளாகத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் மோனேயே 1923-ல் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டார். கை நடுங்கினால் விரலால் வரையாமல் தோளிலிருந்து இழுங்கள், கோடு நேராக வரும். துணியில் நீளக்கோடு போடும் தையல்காரர்களுக்கு இது புதிதில்லை.

தெருவில் உட்கார்ந்து வரைந்தால் ஆள் கூடும். கூடட்டும். சைக்காக்காரர் ஒருநாள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, பின்சீட்டின் கிழிசலை நான் விட்டுவிட்டேன் என்றார். பார்த்தேன், உண்மைதான். போட்டேன். அந்தப் படத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் உறையில் வைத்து வண்டியில் கட்டியிருக்கிறார்.