பனிக்கட்டி கரைவதில்லை: பருப்பொருளின் நிலைகளைச் செய்துகாட்டும்போது நேரும் தவறுகள்

பனிக்கட்டி, வெந்நீர், ஒரு சிரிஞ்சு இருந்தால் பருப்பொருளின் நிலைகள் பாடத்தை நடத்திவிடலாம் என்று நினைக்கிறோம். செய்முறை பிசகாமல் நடக்கும். பிள்ளைகள் மட்டும் தப்பாகப் புரிந்துகொண்டு போவார்கள். பல நேரம் அதற்குக் காரணம் நம் வாயில் வரும் சொல்தான்.

"ஐஸ் கரைஞ்சுபோச்சு" என்று எல்லாரும் சொல்கிறோம். வகுப்பிலும் அப்படியே சொன்னால், சர்க்கரை தண்ணீரில் மறைவதும் பனிக்கட்டி தண்ணீராவதும் பிள்ளைக்கு ஒன்றாகிவிடும். கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும். உருகுவதற்கு வெப்பம் போதும். இரண்டு உலர்ந்த தட்டுகளில், ஒன்றில் பனிக்கட்டி, இன்னொன்றில் சர்க்கரைக்கட்டி வைத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

'ஆவி' இதைவிட மோசம். கெட்டில் மூக்கிலிருந்து வெள்ளையாகப் பறப்பதைக் காட்டி, "இதுதான் நீராவி, வாயு நிலை" என்கிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீரான நுண்துளிகள். நன்றாகக் கொதிக்கும்போது உற்றுப் பார்த்தால், மூக்கின் வாயை ஒட்டிக் கொஞ்ச இடம் ஒன்றுமில்லாததுபோல இருக்கும், அதற்கப்புறம்தான் வெள்ளை தொடங்கும். அந்த இடைவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும், ஒன்றும் தெரியாத அந்த இடம் கையைப் பொசுக்கிவிடும்.

அடுத்தது அவசரம். பனிக்கட்டி போட்ட டம்ளர் வெளியே வியர்த்ததும், "காற்றிலிருந்த நீராவி குளிர்ந்தது" என்று நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். முதலில் அவர்கள் சொல்லட்டும். "உள்ளேயிருந்து கசிஞ்சுது சார்" என்று ஒரு குரலாவது வரும். சரி, உள்ளே மை கலந்து பார்ப்போம், வெளியே நிறம் வருகிறதா? நுட்பமான தராசு இருந்தால், மூடிய டம்ளரை வியர்க்கும் முன்னும் பின்னும் நிறுக்கலாம். உள்ளிருந்து கசிந்ததென்றால் எடை மாறக்கூடாது. ஆனால் கூடியிருக்கும்.

கரும்பலகைப் படத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. துகள்களைத் திண்மத்தில் நெருக்கமாக, நீர்மத்தில் தள்ளித்தள்ளி, வாயுவில் இன்னும் தள்ளி என்று ஒரே சீராக வரைந்துவிடுகிறோம். உண்மையில் நீர்மத்தின் துகள்களும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டபடிதான் இருக்கின்றன. இடம் மாறி நகர்கின்றன, அவ்வளவுதான். சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து அழுத்தினால் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சாதாரண காற்றழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸில் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். பெரிய தாவல் அங்கேதான்.

மணல் கொட்டுகிறதே, நீர்மமா என்று கேட்டால் உருப்பெருக்கியைக் கொடுத்து ஒரே ஒரு மணியைப் பார்க்கச் சொன்னால் போதும்.

உலர்பனிக்கட்டி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, கிடைத்தால் காட்டலாம், ஆனால் அது மைனஸ் 78.5 டிகிரி. வெறுங்கையால் தொடக்கூடாது, காற்றோட்டமில்லாத அறையில் வேண்டவே வேண்டாம், மூடிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். அப்புறம், அதிலிருந்து வழியும் வெண்புகையைக் காட்டி "இதுதான் கார்பன் டை ஆக்சைடு" என்று சொல்லிவிடாதீர்கள். கெட்டில் மூக்கை உற்றுப் பார்த்த பிள்ளை, "அது தண்ணித்துளி" என்று திருத்திவிடும்.